கேள்வி பன்னிரண்டு

கப்பலூர் சிட்கோவில்
ரப்பர் வளையம் செய்கிற கம்பெனி.
கேட்டில் என் பெயரை எழுதிய செக்யூரிட்டி
'எதற்காக' என்ற கட்டத்தில்
'கணக்கெடுப்பு' என்று போட்டுக்கொண்டார்.
எனக்கு மேல்வரியில்
கொசு மருந்தடிக்க வந்தவருக்கும்
அதையேதான் போட்டிருந்தார்.

படிவம் ஒன்றுக்கு முப்பத்தைந்து ரூபாய்.
இருபத்தெட்டுக் கேள்வி.
ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது,
பதில் கேட்டு முகம் மாறக் கூடாது
என்று பயிற்சியில் சொன்னார்கள்.
டீயும் பப்ஸும் கொடுத்துச் சொன்னார்கள்.

பன்னிரண்டாவது கேள்வி:
உங்கள் வேலையின் மீது
உங்களுக்குள்ள கட்டுப்பாடு எவ்வளவு?
அறவே இல்லை என்றால் ஒன்று.
மிக அதிகம் என்றால் ஐந்து.

ஒச்சம்மாள் பிசிறு வெட்டுகிறவள்.
பிளேடு நிற்காமல் பதில் வந்தது:
"கட்டுப்பாடா? அதுக்கென்ன கொறச்சல்.
செல்லை கேட்டுலயே குடுத்துறணும்,
பேசக் கூடாது, பூ வைக்கக் கூடாது,
ஒண்ணுக்குப் போக டோக்கன்.
அஞ்சு போட்டுக்கங்க.
ஆறு இருந்தா ஆறு போடுங்க."

அஞ்சு போட்டேன்.
பக்கத்து மேசை ரெஜினாவுக்கும் அஞ்சு.
எடை போடும் நாச்சம்மை,
"கட்டுப்பாடு இல்லாட்டி
ஆளாளுக்கு ஆடுவாளுகல்ல" என்றாள்,
சூப்பர்வைசர் அந்தப் பக்கம் நடந்தபோது.
அவர் தலை மறைந்ததும்
"எழுதிட்டீகளா?" என்றாள்.
எழுதிவிட்டிருந்தேன்.

மதியம், பிரஸ் ஓட்டும் தவமணியிடம்
ஒரு தப்புச் செய்தேன்.
கேள்வியை விட்டுவிட்டு
"இதுல உங்க கையில என்னண்ணே இருக்கு?" என்றேன்.
கையை விரித்துக் காட்டினார்.
சூடுபட்டு ஆறிய தழும்பு நாலைந்து.
"ஆறு நிமிசம்னு டைமர் வச்சிருக்காங்க.
மணி அடிச்சாத்தான் தெறக்கணும்.
சித்திரை வெயில்ல அதுவரைக்கும் விட்டா
சரக்கு கருகிப்போகும்.
அதுக்குச் சித்த முந்தி ஒரு வாடை வரும்.
வந்ததும் தெறந்துருவேன்.
மொதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்.
தெறக்காட்டியும் போயிரும்."
சிரித்தார்.
"ஒண்ணே போடும்மா. வம்பு வேணாம்."

அந்த வாடைக்கு என்ன எண்?
படிவத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்தேன்,
பிறகு அடித்தேன்.
கம்ப்யூட்டர் ஓரத்தைப் படிக்காது.

தப்பு ஒருமுறை பழகினால் நிற்காது.
முத்திருளாயியிடமும் அப்படியே கேட்டேன்.
அவள் ரொம்ப நேரம் யோசித்தாள்.
இதுவரை யாரும் அவளிடம் கேட்காததுபோல
வளையங்களை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே
யோசித்தாள்.
"தண்ணி குடிக்காம இருக்கிறது" என்றாள்.
"அது என் கையிலதான இருக்கு.
குடிக்காட்டி டோக்கன் வேணாம்.
எவன் முன்னாடியும் போயி நிக்க வேணாம்.
ரெண்டு மணி சங்கு ஊதுற வரைக்கும்
நாந்தான் ராணி.
நாலு போடுங்கக்கா."
முகம் மாறக் கூடாது என்பது
அப்போது நினைவில்லை.

முப்பத்தோரு படிவம்.
சாயங்காலம் ஆபீசுக்குப் போன் போட்டேன்.
"சார், பன்னிரண்டாவது கேள்வி.
நாம அவங்க பிடிக்கிற கயிறைக் கேக்கிறோம்.
அவங்க தங்களைக் கட்டுன கயிறைச் சொல்றாங்க."
"தெரியும்மா, போன வருசமும் அப்படித்தான்" என்றார்.
"இப்போ வார்த்தைய மாத்தினா
ரெண்டு வருசத்தையும் ஒப்பிட முடியாதுல்ல?
சராசரி என்ன வருது?"
நாலு புள்ளி மூணு வரும் என்றேன்.
"பரவாயில்லையே, நல்ல கம்பெனி."

சரி சார் என்றேன்.
வேறென்ன சொல்ல,
இன்னும் நாலு கம்பெனி பாக்கி.

திருமங்கலத்தில் உசிலம்பட்டி பஸ்.
ஜன்னலோரம் கிடைத்தது.
மடியில் படிவக் கட்டு,
அதில் ரப்பர் வாடை.
காலையிலிருந்து பேசிப் பேசித்
தொண்டை காய்ந்திருந்தது.
பாட்டிலைத் திறந்தேன்.
சிந்துபட்டி தாண்டி
வீடு போய்ச் சேர ஒரு மணி நேரம்.

மூடி வைத்தேன்.